பெயர் இருக்கிறது, கணக்கு?

பிரான்சிஸ் ஹாமில்டனின் கங்கை மீன்கள் பற்றிய புத்தகத்தை (1822) கிடைத்தால் புரட்டிப் பாருங்கள். ஆசாமி கம்பெனி டாக்டர். ரோகிதா, கட்லா, சித்தலா, பாப்தா என்று ஊர்க்காரர்கள் கூப்பிட்ட பெயர்களையே லத்தீனில் நுழைத்துவிட்டார். சபாஷ். ஆனால் எத்தனை மீன் என்று எண்ணவில்லை.

பங்களாதேஷின் 2015 சிவப்புப் பட்டியல் எண்ணுகிறது: 253 நன்னீர் வகைகளில் 64-க்கு ஆபத்து. மழைக்காலத்தில் ஆறும் 'பீல்' எனும் தாழ்நில நீர்நிலையும் கலந்தால்தான் பல மீன்களுக்கு முட்டையிட, குஞ்சு வளர இடம். நடுவே கரை கட்டினால் போச்சு.

அந்தக் காலத்தில் எவ்வளவு இருந்தது? இரண்டு நூல்களையும் படித்தபின் இதுதான் உறுத்துகிறது. பல பீல்களில் இதற்குக் கிழ மீனவரின் ஞாபகம்தான் சாட்சி. சர்வே எடுப்பவர்கள் வலையோடு ஒரு நோட்டும் கொண்டுபோகணும். சீக்கிரம்.