கோணத்தில் விழும் முதல் தையல்

ஐந்தாம் மாத ஸ்கேனில் சில தாய்மார்களிடம் டாக்டர் சொல்வார்: “குழந்தையோட ஒரு கிட்னியில நீர் கோத்திருக்கு.” ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் இதைக் கேட்ட குடும்பங்கள் பெங்களூருக்கோ வேலூருக்கோ ஓடத் தயாராகிவிடும். ஆனால் இந்த மருத்துவத்தில் நான் வியக்கும் முதல் நயம், காத்திருக்கத் தெரிவது. இந்தக் குழந்தைகளில் பலருக்குப் பிறந்தபின் வீக்கம் தானே வடிந்துவிடுகிறது. நீர் இறங்காமல் தேங்கி, சிறுநீரகத்தின் வேலைத்திறனும் குறைகிறது என்று ஸ்கேன்கள் காட்டினால்தான் கத்தியை எடுப்பார்கள்.

அடைப்பு பெரும்பாலும் ஒரே இடத்தில் இருக்கும்: சிறுநீரகத்தின் பை முடிந்து சிறுநீர்க்குழாய் தொடங்கும் முனை. குறுகிய துண்டை வெட்டியெடுத்து இரண்டையும் மறுபடி இணைக்கும் முறையை ஆண்டர்சனும் ஹைன்ஸும் 1949-இல் வெளியிட்டார்கள். விலாவைத் திறந்து செய்துவந்த அதே வேலையை, சிறு துளைகள் வழியே குழந்தைக்குச் செய்த விவரத்தை அமெரிக்காவின் க்ரேக் பீட்டர்ஸ் குழு 1995-இல் எழுதியது. போகும் வழிதான் மாறியது; உள்ளே போடும் இணைப்பு பழையதே.

நுண்வேலையின் அருமை ஓசூருக்குத் தெரியும். இங்கே ஆலை வைத்திருக்கும் டைட்டன் 2002-இல் கொண்டுவந்த ‘எட்ஜ்’ கைக்கடிகாரத்தின் மொத்தத் தடிமன் 3.5 மில்லிமீட்டர். குழந்தையின் வயிற்றுக்குள் போகும் கருவி அதைவிட மெல்லியது, 3 மில்லிமீட்டர். கடிகாரமாவது மேசையில் அசையாமல் இருக்கும். இங்கே ஒவ்வொரு மூச்சுக்கும் களமே ஏறி இறங்கும். துளையை அச்சாகக் கொண்டு கருவி திரும்புவதால், கை இடப்பக்கம் போனால் முனை வலப்பக்கம் போகும். வயிற்றை உப்பவைக்கக் கரியமில வாயுவைக்கூடப் பெரியவர்களுக்குச் செலுத்துவதைவிடக் குறைந்த அழுத்தத்தில்தான் செலுத்துகிறார்கள்.

இடப்பக்கச் சிறுநீரகம் என்றால் இன்னும் அழகு. சிறு குழந்தைக்குப் பெருங்குடலைத் தாங்கும் சவ்வு மெல்லியது. வீங்கிய பை அதன் வழியே தெரியும். குடலைப் பெயர்க்காமல், இரத்தக்குழாய்களுக்கு நடுவே சவ்வில் சிறிதாகத் திறந்து உள்ளே போகலாம். அடுத்து, வெளியிலிருந்தே வயிற்றுச்சுவர் வழியாக ஒரு ஊசியை இறக்கி, பையில் கோத்து, மறுபடி வெளியே எடுத்து இழுத்துப் பிடிப்பார்கள். தூக்கிப் பிடிக்க இன்னொரு கருவி வேண்டாம். இன்னொரு துளையும் மிச்சம்.

பிறகு இணைப்பு. குழாயை நேராக வெட்டி ஒட்டினால் அந்த வட்டம் ஆறும்போது சுருங்கிவிடும். அதனால் குழாயின் பக்கவாட்டில் நீளமாகக் கீறி வாயை அகலமாக்குகிறார்கள். அந்தக் கீறலின் அடிக்கோணத்தைப் பையின் ஆகத் தாழ்ந்த இடத்தோடு சேர்ப்பது முதல் தையல். நீர் தங்காமல் இறங்குவது அந்த ஒரு தையலைப் பொறுத்தது. ஆறு பூஜ்யம் என்கிற இழையில் போட்டால் அதன் தடிமன் 0.1 மில்லிமீட்டரைக்கூட எட்டாது. இறுக்கினால் திசு கிழியும். தளர்ந்தால் சிறுநீர் கசியும்.

என் மனத்தை மிகவும் தொடுவது அந்த இழையின் குணம். அது சில வாரங்களில், மாதங்களில் கரைந்துவிடும். கரையாத நூல் சிறுநீர்ப் பாதையில் கல் படிய இடம் தரும். குழந்தை வளரும், குழாயும் அதனோடு நீளும். இணைப்பைத் தாங்கிய இழை, திசு கூடியதும் விலகிக்கொள்கிறது. இணைப்பு ஆறும்வரை நீர் இறங்க உள்ளே வைக்கும் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயையும் சில வாரங்களில் எடுத்துவிடுகிறார்கள்.

வெளித்தழும்பு சிறிதாக இருப்பதைப் பெற்றோர் மெச்சுவது நியாயம்தான். ஆனால் திறந்து செய்தாலும் தேர்ந்த கைகளில் இந்த அறுவை நன்றாகவே பலிக்கிறது, கைக்குழந்தைகளுக்குக் குறிப்பாக. ஆகவே துளையின் அளவை வைத்து வேலையை எடைபோட முடியாது. சில மாதங்கள் கழித்து எடுக்கும் ஸ்கேனில்தான் அது தெரியவரும். ஷிப்டு போகிறது, பஸ் தூரம் என்று அந்த ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். தேங்கிய நீர் தடையின்றி இறங்குகிறது என்று அதில் வந்தால், தையல் சரியான கோணத்தில் விழுந்திருக்கிறது என்று நம்பலாம்.