காரணத்தை அழித்தல்: வைரஸ்களுக்குப் பெயரிடும் அரசியல்

நன்னூல்காரருக்குப் பெயர்கள் இரண்டு வகை: இடுகுறி, காரணம். மரத்துக்கு ஏன் மரம் என்று பெயர் எனக் கேட்கக்கூடாது, பறப்பதால் பறவை. எம்.ஏ. வகுப்பில் இதை மனப்பாடம் பண்ணித் தேர்வில் எழுதி மறந்தாயிற்று. இந்தப் பாகுபாட்டுக்குள் எவ்வளவு அதிகாரம் பதுங்கியிருக்கிறது என்பது வைரஸ்களின் வகைப்பாட்டுப் பட்டியலைப் புரட்டியபோதுதான் உறைத்தது.

1976, ஜயர் நாட்டின் யம்புக்கு கிராமம். மிஷன் மருத்துவமனையைச் சுற்றி ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். வந்திறங்கிய சர்வதேசக் குழு புதிய வைரஸுக்குப் பெயர் தேடியது. ஊர்ப் பெயரை வைக்கத் தயங்கினார்கள். 1969இல் நைஜீரியாவின் லாஸா என்னும் ஊரின் பெயர் ஒரு காய்ச்சலுக்குப் போய், அந்த ஊருக்கே தீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. வரைபடத்தில் ஓர் ஆற்றைப் பார்த்தார்கள்: எபோலா. அது யம்புக்குவுக்கு மிக அருகிலுள்ள ஆறுகூட இல்லை என்று, குழுவில் இருந்த பீட்டர் பியோட் பிற்பாடு எழுதினார். நல்லெண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் யம்புக்குக்காரர்களை யார் கேட்டார்கள்?

கேட்காமலே வாய் திறந்தவர்கள் நவஹோ மக்கள். 1993இல் அமெரிக்காவின் தென்மேற்கில், நான்கு மாநிலங்கள் சந்திக்கும் பகுதியில், இளவயதுக்காரர்கள் மூச்சுத் திணறிச் செத்தார்கள். பத்திரிகைகள் உடனே 'நவஹோ காய்ச்சல்' என்று எழுதின. கிருமி எலிகளிடமிருந்து வந்த ஒரு ஹான்டா வைரஸ் என்று தெரிந்தது. (ஹான்டா என்பதும் கொரியாவின் ஹான்டான் ஆறுதான். ஆறுகளுக்கு வாயில்லை என்ற தைரியம்!) அந்தப் பகுதியின் பெயரை வைக்கப் பார்த்தார்கள், அங்கிருந்தவர்கள் கூடாது என்றார்கள். 'முவர்த்தோ பள்ளத்தாக்கு' என்றார்கள். அது நவஹோ நிலம், 1805இல் ஸ்பானியப் படை நவஹோ மக்களைக் கொன்று குவித்த இடம். நவஹோக்கள் மறுத்தார்கள். கடைசியில் 'சின் நோம்ப்ரே' என்று முடிந்தது. ஸ்பானிய மொழியில் 'பெயரற்றது'. பெயரில்லை என்பதைச் சொல்லக்கூட அந்தப் படையின் மொழிதான் கைகொடுத்திருக்கிறது, பாருங்கள்.

2015இல் உலக சுகாதார நிறுவனம், புதிய நோய்களுக்கு ஊர், ஆள், விலங்கு, தொழில் பெயர்கள் வேண்டாம் என்று வழிகாட்டியது. அது நோய்களுக்கு. வைரஸ்களின் சிற்றினம், பேரினம், குடும்பம் எல்லாம் வேறொரு குழுவின் கையில்: 1966இல் மாஸ்கோவில் கூடிய நுண்ணுயிரியல் மாநாட்டில் பிறந்த, வைரஸ் வகைப்பாட்டுக்கான சர்வதேசக் குழு. ஃபூக்கோவின் 'சொற்களும் பொருட்களும்' வந்ததும் அதே ஆண்டுதான். தற்செயல், ஆனாலும் சுவையான தற்செயல். இந்தக் குழுவின் விதிகளில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு: வைரஸ் என்பது பருப்பொருள், சிற்றினம் என்பது மனிதர் வகுத்த கருத்து. வைரஸ் தொற்றும், சிற்றினம் தொற்றாது. தங்கள் வகைமை தங்கள் புனைவு என்று இவ்வளவு வெளிப்படையாக ஒத்துக்கொள்ளும் அறிவதிகாரம் அபூர்வம்.

குழுவில் இருப்பவர்கள் சம்பளம் வாங்காதவர்கள். யார் வேண்டுமானாலும் முன்மொழிவு அனுப்பலாம். 14,000க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் கொண்ட பட்டியல் எவருக்கும் இலவசம். அமெரிக்க அரசின் மரபணுத் தரவுத்தளம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணும் தருகிறது. கோவிட் வைரஸின் எண் 2697049. சுத்தமான இடுகுறி! பெயர் மாறினாலும் எண் மாறாது. பழைய பெயர்கள் பக்கத்தில் பதிவாகின்றன. இல்லாவிட்டால் நேற்றைய கட்டுரை இன்றைய ஆய்வாளர் கண்ணுக்குப் படாது. எனவே 'பட்டியலைக் கொளுத்து' என்று எழுதும் நண்பர்களோடு நான் இல்லை. தடுப்பூசிக்கும் பரிசோதனைக்கும் அது வேண்டும்.

என் சச்சரவு வேறு. 2021இல் சிற்றினங்களுக்கு லத்தீன் பாணியில் இரட்டைப்பெயர் என்று விதி வந்தது. காரணப்பெயர்களுக்கு இடுகுறி வேஷம் கட்டும் வேலை இது. வேஷம் அடிக்கடி கலைகிறது. ஜயர் என்ற பெயர் மொபுட்டு 1971இல் நாட்டுக்குச் சூட்டியது. 1997இல் அவர் ஆட்சி கவிழ்ந்ததும் பெயரும் போயிற்று. 2023இல் எபோலா சிற்றினத்துக்கு வந்த புதுப்பெயர் 'ஆர்த்தோஎபோலாவைரஸ் ஜயரென்ஸே'. நாடு தூக்கியெறிந்த பெயருக்கு லத்தீனில் புது வீடு! பட்டியலில் பழைய பெயருக்கு இடம் இருக்கிறது, முன்மொழிவுக்கு இடம் இருக்கிறது. 'எங்களுக்கு வேண்டாம்' என்று சொன்னவர்கள் யார், எப்போது, ஏன் என்பதற்கு இடமில்லை.

நவஹோக்களின் மறுப்பு என்னவாயிற்று என்று தேடினேன். 'ஆர்த்தோஹான்டாவைரஸ் சின்நோம்ப்ரீயென்ஸே'. லத்தீனில் 'என்ஸே' விகுதிக்கு 'இன்ன ஊரைச் சேர்ந்தது' என்று பொருள். ஊர் வேண்டாம் என்று அவர்கள் வாங்கிய 'பெயரற்றது' இப்போது ஓர் ஊராகியிருக்கிறது.