கம்பம் என்றால் எத்தனை எழுத்து?

கம்பத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால், ஊர்ப் பெயரை விரல்விட்டு எண்ணி நான்கு என்று சொல்லிவிடும்: க, ம், ப, ம். பைத்தான் என்னும் நிரல்மொழியில் அதே சொல்லின் நீளத்தைக் கேட்டால் 6 என்கிறது. தேனிக்கு 2 வர வேண்டிய இடத்தில் 4. கூடலூருக்கு 4 வர வேண்டிய இடத்தில் 7. கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் புள்ளிக்கு ஓர் இடம், கொம்புக்கு ஓர் இடம், காலுக்கு ஓர் இடம் உண்டு. பைத்தான் அவற்றையும் சேர்த்தே எண்ணுகிறது.

இந்தக் கணக்கை நேர்செய்ய, ஓப்பன்-தமிழ் என்னும் கட்டற்ற நிரல் தொகுப்பில் ‘கெட் லெட்டர்ஸ்’ என்றொரு செயற்கூறு இருக்கிறது. எழில் என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை தொடங்கி, பலர் கைசேர்த்து வளர்த்த தொகுப்பு அது. அந்தச் செயற்கூறு ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். நல்ல நிரலாளராக என்ன பழக்கம் வேண்டும் என்று எங்கள் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் கேட்டால், அந்த ஒரு பக்கத்தை அச்செடுத்துக் கையில் பென்சிலோடு வாசிக்கச் சொல்கிறேன்.

அது சொல்லை ஒவ்வொரு குறியாக எடுக்கிறது. வந்தது உயிரோ ஆய்தமோ என்றால் புது எழுத்து. அகரமேறிய உயிர்மெய் என்றாலும் புது எழுத்து. காலோ கொம்போ புள்ளியோ என்றால், ஏற்கெனவே வந்து நிற்கும் எழுத்தோடு ஒட்டிவிடுகிறது. கம்பத்தை அதன் வழியே நடத்திப் பாருங்கள்: க வந்தது, ம வந்தது, புள்ளி வந்து ம-வின் தலையில் ஏறியது, ப, மறுபடி ம, மறுபடி புள்ளி. நான்கு.

இந்த ‘ஒட்டிவிடு’ என்ற ஒரே விதியில்தான் எனக்கு உயிர். ‘தே’ என்று எழுதினால் கண்ணுக்குக் கொம்பு முன்னே தெரிகிறது. தட்டச்சுப் பொறியிலும் கொம்பை அடித்த பிறகுதான் த. யூனிகோடிலோ த முதலில், கொம்பு அதன் பின்னே. கண் பார்க்கும் வரிசையை விட்டுவிட்டு வாய் ஒலிக்கும் வரிசையை அது பிடித்துக்கொண்டது. அதை அறிந்து எழுதியதால் கொம்புக்கென்று தனி விதி தேவைப்படவே இல்லை.

அந்தச் செயற்கூற்றில் வரும் பெயர்களைப் பாருங்கள். உயிர், அகரம், ஆய்தம் என்று இலக்கணச் சொற்களையே ஆங்கில எழுத்தில் வைத்திருக்கிறார்கள். ‘கான்சனன்ட்’ என்று வைத்திருந்தால் அது ‘க்’கா, ‘க’வா என்று வாசிப்பவர் தடுமாறுவார். இலக்கணத்தில் க் உடன் அ சேர்ந்தால் க. கணினியிலோ க-வுடன் புள்ளி சேர்ந்தால்தான் க். அந்தத் தலைகீழ் உறவு முழுவதும் ‘அகரம்’ என்ற ஒரு பெயருக்குள் இருக்கிறது. ஏகாரம் ஒன்றுக்காக நின்று பொருள் சொல்லும் உரைகாரரைப் போல இங்கே நிற்கத் தோன்றுகிறது.

இன்னொரு வரி. ஒட்டிக்கொள்ள எழுத்தே இல்லாமல், சொல்லின் தொடக்கத்திலேயே ஒரு புள்ளி வந்தால்? நல்ல தமிழில் வராது. கிழிந்த கோப்பில் வரும். அந்த நிலை வினோதமானது என்று ஒரு குறிப்பு எழுதிவைத்து, அதையும் தனி எழுத்தாக ஏற்று மேலே நடக்கிறது செயற்கூறு. வராததற்கும் வாசல் வைத்த கை அது.

எல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். போடியில் ஓர் ஏலக்காய்க் கடைக்குப் பெயர்ப் பட்டியல் தேடும் நிரல் எழுதினேன். ‘போடி’ என்று தேடினால் பாதிப் பெயர்கள் அகப்படவில்லை. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பெயர்களில் ‘ோ’ என்பது கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறிகளாக இருந்தது. புதிதாகத் தட்டியவற்றில் ஒரே குறி. திரையில் மயிரிழை வேறுபாடு கிடையாது. கெட் லெட்டர்ஸ் இரண்டுக்கும் சரியாக 2 என்றே எண்ணும். ஆனால் இரண்டும் ஒரே சொல் என்று அறியாது. அதற்கு முதலில் யூனிகோடின் ‘என்எஃப்சி’ முறையில் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். மெதுவாக வாசித்திருந்ததால்தான் தவறு எங்கே இல்லை என்பது எனக்கு உடனே தெரிந்தது.

கணினி அறிவியலாளர் டொனால்ட் நட் 1984-இல் நிரலை மனிதர் வாசிக்கும் எழுத்தாகவே எழுத வேண்டும் என்று வாதிட்டார். எழுதுவதைப் பற்றி அவர் சொன்னார், வாசிப்பவரும் வேண்டுமல்லவா? எங்கள் பன்னீர்த் திராட்சைப் பந்தலில் கவாத்துக்கு வருபவர் கத்தரியை எடுக்குமுன் கொடியை நெடுநேரம் பார்ப்பார். பிறர் நிரலில் கைவைக்குமுன் அத்தனை நேரம் பார்க்கிறவர் நம்மில் குறைவு.

இன்று மாலை உங்கள் ஊர்ப் பெயரை ஒரு தாளில் எழுதி, அந்தச் செயற்கூற்றின் வழியே பென்சிலால் நடத்திப் பாருங்கள். உத்தமபாளையத்துக்கு 8 வரும். பைத்தானைத் தானாக எண்ணவிட்டால் 12.