ஆங்கிலக் கல்விசார் எழுத்தில் ஆசிரியர் பின்னூட்டமும் செயற்கை நுண்ணறிவுப் பின்னூட்டமும்: குமரி மாவட்ட நோக்கில் ஒரு திறனாய்வு

மாணவர் ஆங்கிலத்தில் எழுதும் ஆய்வுக் கட்டுரைக்கு ஆசிரியர் தரும் பின்னூட்டம் சிறந்ததா, இயந்திரம் தருவது சிறந்ததா என்னும் வினா, 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர் மொழிக்கல்வி ஆய்வில் முன்னிடம் பெற்றுள்ளது. வினாவின் வேர் பழையது. கட்டுரைகளைக் கணினி கொண்டு மதிப்பிடலாம் என்று எல்லிஸ் பேஜ் 1966-இலேயே எழுதினார். ஆசிரியர் திருத்தத்தின் பயனும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதாக இருந்ததில்லை. இரண்டாம் மொழி எழுத்து வகுப்புகளில் இலக்கணத் திருத்தம் பயனற்றது, தீங்கும் விளைவிப்பது, ஆதலின் கைவிடத்தக்கது என்று ஜான் ட்ரஸ்காட் 1996-இல் வாதிட்டார். அம்முடிவு அவசரமானது என்று டானா ஃபெரிஸ் 1999-இல் மறுத்தார். இயந்திரத்தை எதிர்ப்போர் இவ்வரலாற்றைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

அண்மை ஆய்வுகளுள் இரண்டு ஈண்டு நோக்கத்தக்கன. எஸ்கலான்டே முதலியோர் 2023-இல் வெளியிட்ட ஆய்வு, ஆங்கிலம் கற்கும் பல்கலைக்கழக மாணவரிடையே இருவகைப் பின்னூட்டமும் ஏறத்தாழ ஒரே கற்றல் விளைவையே தந்தன என்றும், மாணவர் விருப்பமும் ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரிந்தது என்றும் காட்டியது. ஸ்டைஸ் முதலியோர் 2024-இல் வெளியிட்ட ஆய்வு பள்ளி மாணவர் கட்டுரைகளுக்கு எழுதப்பட்ட 200 மனிதப் பின்னூட்டங்களையும் 200 இயந்திரப் பின்னூட்டங்களையும் ஒப்பிட்டது. மதிப்பீட்டு அளவைகளைச் சார்ந்து கருத்துரைத்தல் என்னும் ஒரு கூறு நீங்கலாக ஏனையவற்றில் மனிதரே முந்தினர். ஆனால் அம்மனிதர் நன்கு பயிற்சி பெற்றவர்; கையில் போதிய நேரம் உடையவர். அறுபது பேர் கொண்ட வகுப்பில் ஒரு தாளுக்குப் பதினைந்து நிமிடம் என்று கொண்டாலே பதினைந்து மணி நேரம் வேண்டும். நமது கல்லூரிகளில் அந்நேரம் யாருக்கு வாய்க்கிறது?

இவ்வகை ஆய்வுகளின் பெருங்குறை வேறோரிடத்தில் உள்ளது. மாணவர் எழுதிய ஆங்கிலத்தையும் திருத்தப்பட்ட ஆங்கிலத்தையும் மட்டுமே அவை ஒப்பிடுகின்றன. மாணவர் எதனைச் சொல்ல முயன்றார் என்பது அளவையில் இடம்பெறுவதில்லை. குமரி மாவட்டம் போன்றதொரு நிலத்தில் இக்குறை வெளிப்படையாகும். 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காட்டு எழுத்தறிவுடன் மாநிலத்தில் முதலிடம் பெற்ற மாவட்டம் இது. 1956 வரை திருவிதாங்கூர் ஆட்சியின் வழிவந்த நிலப்பகுதியாக இருந்தமையால் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்குவது. மாணவரின் ஆங்கிலம் இவ்வழக்குகளின் மேல்தான் எழுகிறது.

நாஞ்சில் நாட்டுப் பாசனம் பற்றி ஒரு மாணவர் எழுதுவதாகக் கொள்வோம். 'இக்குளம் மன்னர் காலத்தில் வெட்டப்பட்டதாம்' என்பது அவர் மனத்திலுள்ள தொடர். ஈற்றிலுள்ள 'ஆம்', செய்தி கேள்வி வழிப்பட்டது என்பதைத் தாங்கி நிற்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு நேரான ஈறு இல்லாமையால் அவர் 'தே ஆர் சேயிங்' என்று தொடங்குகிறார். கல்விசார் நடைக்கு மாற்றுமாறு கேட்கப்பட்ட கருவி அச்சொற்களை நீக்கி, குளம் மன்னர் காலத்தில் வெட்டப்பட்டது என்று வழுவற்ற வாக்கியமாக்கிவிடக்கூடும். இலக்கணம் திருந்தியது, செவிவழிச் செய்தியோ வரலாற்று உண்மையாகிவிட்டது. ஆய்வெழுத்தில் இதைவிடப் பெரும்பிழை இல்லை. தமிழறிந்த ஆசிரியர் அவ்விடத்தில் எழுப்பவேண்டிய வினா ஒன்றே: சொன்னவர் யார்? அவ்வினாவிலிருந்து கள ஆய்வு தொடங்கும். வினைவடிவத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு நிறுத்தும் ஆசிரியர், இயந்திரம் செய்வதையே மெதுவாகச் செய்கிறார்.

சொல்லளவிலும் இவ்வாறே. 'டேங்க்' என்பது இந்தியப் பாசன ஆவணங்களில் குளத்தைக் குறிக்கும் நிலைபெற்ற சொல். அதனை அயல்வழக்கு நோக்கித் திருத்தி 'ரிசர்வாயர்' என்று மாற்றினால் பொருள் பிறழும். தேரூர்க் குளம் வேறு, பேச்சிப்பாறை நீர்த்தேக்கம் வேறு. 'நாம்', 'நாங்கள்' என்னும் வேறுபாடும் ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல்லில் கரைவதே. தம் ஊரைப் பற்றி எழுதும் மாணவர் படிப்பவரையும் உளப்படுத்துகிறாரா என்பதை மூலமறியாத எவராலும் கண்டறிய இயலாது.

இங்கு இயந்திரத்தை முற்றாகக் குறைகூறுவது நேர்மையாகாது. சொற்குறி விடுபடுதல், எழுவாய்–பயனிலை இயைபின்மை, எழுத்துப்பிழை ஆகியவற்றை அது நொடியில் சுட்டும், நள்ளிரவிலும் சலியாது. தமிழில் விளக்கம் கேட்டால் தமிழிலும் தரும். அப்பணியை அதனிடம் விட்டால் ஆசிரியருக்கு மிஞ்சும் நேரம் கருத்தைப் படிப்பதற்குப் பயன்படும். மிஞ்சும் நேரத்தை நிர்வாகம் வேறு பணிக்குக் கவர்ந்துகொள்ளுமாயின் இவ்வாதம் வீழும்.

மாணவர் தரப்பில் மற்றோர் இடரும் உண்டு. இயந்திர எழுத்தைக் கண்டறிவதாகக் கூறும் மென்பொருள்களை லியாங் முதலியோர் 2023-இல் சோதித்தனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர் எழுதிய 91 டோஃபெல் கட்டுரைகளில் சராசரியாக 61 விழுக்காட்டுக்கும் மேலானவற்றை அவை இயந்திர எழுத்தென்று தவறாகக் கொண்டன. எளிய சொற்களால் தாமே எழுதிய மாணவரும் இவ்வாறு குற்றவாளியாக நிறுத்தப்படலாம். அவருக்குக் காப்பாக அமைவன அவருடைய வரைவுகளே. முதலில் தமிழில் எழுதிய கருத்துக் குறிப்பு, ஆங்கில முதல் வரைவு, இருவகைப் பின்னூட்டம், இறுதி வடிவம் ஆகிய நான்கையும் நாகர்கோவில் கல்லூரியொன்றின் ஒரு பருவத்து வகுப்பேனும் சேர்த்து வைக்குமானால், எந்தத் திருத்தத்தில் எந்தக் கருத்து மாறியது என்பதை வரிவரியாகக் காணலாம். மேற்சொன்ன ஒப்பீட்டாய்வுகள் எழுப்பாத வினாவுக்கான தரவும் அங்கேயே கிடைக்கும்.