நொச்சிக்குப்பம் கரையில் 8×25, 8×42: எந்த பைனாகுலர் வாங்கலாம்?

சென்னையின் நொச்சிக்குப்பத்தில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. வெயில் ஏறிவிட்டால் கடல் பக்கம் பறப்பதெல்லாம் வெறும் நிழல்தான். இறகின் நிறம் தெரியாது. இங்கே பறவை பார்க்க விடிகாலையும், வெயில் முதுகுப் பக்கம் போய்விடும் மாலையும்தான் நல்ல நேரம். பைனாகுலரையும் அந்த மங்கல் வெளிச்சத்தை மனதில் வைத்தே வாங்க வேண்டும். இதற்காக நிக்கானின் இரண்டு மாடல்களை இந்தக் கரையில் பயன்படுத்திப் பார்த்தேன்: கையடக்கமான ஸ்போர்ட்ஸ்டார் இஎக்ஸ் 8×25, முழு அளவு மோனார்க் எம்5 8×42. இரண்டும் எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுபவை. முன்லென்ஸின் விட்டம்தான் வேறு: 25 மி.மீ., 42 மி.மீ.

வெளிச்சம்

42 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 2.8 மடங்கு ஒளியை வாங்குகிறது. கண்ணுக்கு வந்துசேரும் ஒளிவட்டம் சிறியதில் 3.1 மி.மீ., பெரியதில் 5.3 மி.மீ. நல்ல வெயிலில் கண்பாவை 2, 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடுவதால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. மங்கலில் கண்பாவை விரியும்போது சிறியது தரும் ஒளி போதவில்லை.

குளிர்காலத்தில் படகுகள் கரையேறும் நேரம் கடற்காகங்கள் சுற்றி வரும். பழுப்புத்தலைக் கடற்காகத்தின் கறுத்த இறக்கை நுனியில் வெள்ளைப் பொட்டு இருக்கும். வளர்ந்த பறவைக்குக் கண் வெளிர் நிறம். கருந்தலைக் கடற்காகத்துக்குக் கண் கறுப்பு. விடிகாலையில் இறக்கைப் பொட்டு சிறியதிலும் தெரிந்தது. கண்ணின் நிறத்தைப் பெரியதில்தான் உறுதியாகச் சொல்ல முடிந்தது.

காட்சி

1000 மீட்டர் தொலைவில் சிறியது 143 மீட்டர் அகலத்தைக் காட்டுகிறது. பெரியது 112 மீட்டர்தான். இதில் சிறியதே முந்துகிறது. ஆனால் கண் சற்று விலகினாலும் அதில் ஓரம் இருண்டுவிடுகிறது. தலைக்கு மேல் வட்டமிடும் செம்பருந்தைத் தொடர்வது பெரியதில் எளிது. மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முழுக்காட்சி தெரிய, சிறியதில் கண் 10 மி.மீ. நெருக்கத்தில் இருக்க வேண்டும், பெரியதில் 19.5 மி.மீ. தள்ளியிருந்தாலும் போதும்.

எடையும் உப்புக்காற்றும்

சிறியது 300 கிராம், பெரியது 630 கிராம். பெரியதோடு பட்டினப்பாக்கம் தாண்டி அடையாறு முகத்துவாரம் வரை நடந்தால் கழுத்து வலிக்கும். தோளில் மாட்டும் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள். மாலைக் கடற்காற்றில் பெரியதுதான் கையில் ஆடாமல் நின்றது.

இரண்டும் நைட்ரஜன் நிரப்பிய, நீர் புகாத வகை. ஆனாலும் லென்ஸில் படியும் உப்பையும் மணலையும் சட்டையால் துடைக்காதீர்கள், மேற்பூச்சில் கீறல் விழும். முதலில் ஊதி, பிரஷால் தட்டி, பிறகு ஈரமான மென்துணியால் ஒற்றுங்கள். இன்னொன்று, குப்பம் மக்கள் வாழும் இடம். வீடுகளின் பக்கம் பைனாகுலரைத் திருப்ப வேண்டாம்.

எதை வாங்கலாம்?

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 8×42. மோனார்க் விலை கட்டுப்படியாகாதவர்கள் பொரோ பட்டக வகையில் நிக்கானின் அகுலான் ஏ211 8×42 பார்க்கலாம். அது 755 கிராம், நீர் தாங்காது, கண்ணாடி அணிபவர்களுக்கும் அவ்வளவாக ஒத்துவராது. ஆனால் மங்கலில் கையடக்கத்தைவிட நன்றாகக் காட்டும். ஏற்கெனவே பெரியது வைத்திருப்பவர்கள் அலுவலகப் பைக்குள் போட்டுக்கொள்ள 8×25 வாங்கலாம். 10×25 மட்டும் வேண்டாம்: ஒளிவட்டம் 2.5 மி.மீ. ஆகக் குறைந்து, கை நடுக்கமும் கூடுதலாகத் தெரியும்.