மூன்று சிக்மாவும் முர்ச்சிசன் கல்லும்

2025 ஏப்ரல்ல ஒரு நாள், கொட்டாம்பட்டி டீக்கடையில் பக்கத்தில் இருந்தவர் போனை நீட்டினார். "வேற கிரகத்துல உயிர் இருக்காம்ல தம்பி, 99.7 சதவீதம் உறுதியாம்." நம்மாளு ஒருத்தர் கண்டுபிடிச்சதில் அவருக்குப் பெருமை. எனக்கும்தான். ஆனா அந்த 99.7 உறுத்தியது.

கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழு, 124 ஒளியாண்டு தூரத்தில் உள்ள கே2-18பி கிரகத்தை வெப் தொலைநோக்கியால் பார்த்து, டைமெத்தில் சல்ஃபைடு அல்லது அதன் உறவுக்கார மூலக்கூறின் தடயம் தெரிவதாகச் சொன்னது. பூமியில் அதைப் பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்கள்தான் உண்டாக்குகின்றன. மூன்று சிக்மா என்றால், வெறும் இரைச்சலே இப்படியொரு மேட்டைக் காட்ட ஆயிரத்துக்கு மூன்று வாய்ப்பு. அது மூலக்கூறு பற்றிய கணக்கு. உயிர் பற்றியது இல்லை. எங்க வேலையில் அலர்ட் அடிச்சா சர்வர் விழுந்துடுச்சுன்னு அர்த்தமா? அதே கதை.

மதுசூதனும் எச்சரிக்கையோடுதான் பேசினார். ஆனாலும் எந்தெந்த மூலக்கூறுகளைப் போட்டிக்கு விட்டோம் என்பதைப் பொறுத்தே விடை மாறும். ஆக்ஸ்ஃபோர்டின் ஜேக் டெய்லர் அதே தரவை எளிமையாக ஆராய்ந்தபோது, நேர்க்கோடே போதும் என்று வந்தது. போதாக்குறைக்கு, முந்தைய ஆண்டிலேயே 67பி வால்நட்சத்திரத்திலும் இதே சல்ஃபைடின் தடயம் கிடைத்துவிட்டது. அங்கே ஏது கடல்?

இங்கே எனக்கு சிரில் பொன்னம்பெருமா நினைவுக்கு வருகிறார். காலியில் பிறந்து, சென்னைப் பல்கலையில் தத்துவம் படித்து, அப்புறம் நாசாவுக்குப் போனவர். 1969 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவில் விழுந்த முர்ச்சிசன் விண்கல்லில் அவரும் க்வென்வோல்டனும் சகாக்களும் அமினோ அமிலங்களைக் கண்டார்கள். உடனே எழும் சந்தேகம்: தொட்டவன் கை வியர்வையா இருக்குமோ? பூமியின் உயிர்கள் புரதத்துக்கு இடக்கை வடிவத்தையே பயன்படுத்தும். கல்லில் இடமும் வலமும் ஏறக்குறைய சமம். புரதத்தில் இல்லாத அமிலங்களும் இருந்தன. ஆக, அது நம்ம அழுக்கு இல்லை. உயிர் செய்த வேலை மாதிரியும் தெரியலை. 1970இல் 'நேச்சர்' இதழில் வந்த அந்தக் கட்டுரையின் பலமே, தன்னைத் தானே குறுக்கு விசாரணை செய்துகொண்டதுதான்.

கே2-18பியில் அந்த விசாரணைக்கு வழியில்லை. டைமெத்தில் சல்ஃபைடுக்கு இடக்கை வலக்கை கிடையாது. கையில் எடுத்துப் பார்க்கக் கல்லும் இல்லை. இன்னும் 16 முதல் 24 மணி நேர வெப் நேரம் கிடைத்தால் ஐந்து சிக்மாவை எட்டலாம் என்கிறது குழு. எட்டினாலும், வால்நட்சத்திரக் கேள்வி அப்படியேதான் நிற்கும். இதை டீக்கடைக்காரரிடம் சொன்னேன். "அப்ப ஒண்ணுமே இல்லையா?" என்றார். இருக்கு, ஆனா உயிர்னு இன்னும் சொல்ல முடியாதுண்ணே என்றேன். அவர் போனைத் திருப்பி வைத்துவிட்டு பாலை ஆற்ற ஆரம்பித்தார்.