டானியா ஜென்கின்ஸின் ‘டாக்டர்ஸ் ஆர்டர்ஸ்’ – திறனாய்வு

‘டாக்டர்ஸ் ஆர்டர்ஸ்’ அமெரிக்க மருத்துவர்களுக்குள் நிலவும் ஏற்றத்தாழ்வை ஆராயும் சமூகவியல் நூல். ஆசிரியர் டானியா எம். ஜென்கின்ஸ். கொலம்பியா பல்கலைக்கழகப் பதிப்பகம் 2020இல் வெளியிட்டது. ஒரே உரிமம் பெற்றவர்களுக்கு இடையே மேல், கீழ் எப்படி உருவாகிறது என்பதே நூலின் கேள்வி. மருத்துவ இடம் யாருக்கு என்பதோடு விவாதத்தை முடித்துக்கொள்ளும் தமிழ்நாட்டுக்கு இக்கேள்வி அவசியமானது.

களம்

பொது மருத்துவத்தில் பயிற்சி பெறும் ரெசிடென்ட் மருத்துவர்களை இரண்டு மருத்துவமனைகளில் உடனிருந்து கவனித்தும் நேர்காணல் செய்தும் ஜென்கின்ஸ் எழுதியுள்ளார். பல்கலைக்கழக மருத்துவமனையில் அமெரிக்க எம்.டி. கல்லூரிகளில் படித்தவர்கள் மிகுதி. மற்றதில் வெளிநாட்டில் படித்தவர்களும் ஆஸ்டியோபதி கல்லூரிகளில் படித்தவர்களும் மிகுதி.

முதன்மை வாதம்

அமெரிக்காவில் பயிற்சி இடங்கள் உள்நாட்டு எம்.டி. பட்டதாரிகளைவிட அதிகம். மிஞ்சும் இடங்களை மற்றவர்களே நிரப்புகின்றனர். அந்நாட்டு மருத்துவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வெளிநாட்டில் படித்தவர்; அவர்களில் இந்தியாவில் படித்தவர்களே பெருங்குழு. இவர்கள் இல்லாமல் மருத்துவமனைகள் இயங்கா. ஆயினும் விரும்பப்படும் இடங்களும் கற்பித்தல் வசதிகளும் எம்.டி. பட்டதாரிகளுக்கே முதலில் சேர்கின்றன. வழிநெடுகக் கிடைத்த இந்த ஆதரவு கடைசியில் ‘தனித்திறமை’ என்ற பெயர் பெறுகிறது. கீழ்ப்படியில் இருப்போர் பலரும் அதை நியாயம் என்றே ஏற்கின்றனர். நூலின் வலிமையான பகுதி இதுவே.

தமிழ்நாட்டுப் பொருத்தம்

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தோருக்கு 7.5% உள் ஒதுக்கீடு தரும் சட்டம் 2020இல் வந்தது. கொண்டப்பநாயக்கன்பட்டி போன்ற ஊரிலிருந்து தமிழ்வழியில் படித்த மாணவி, 1986இல் தொடங்கிய சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியிலோ 2022இல் திறக்கப்பட்ட நாமக்கல் கல்லூரியிலோ சேர அது வழி செய்கிறது. ஆனால் ஆங்கிலப் பாடநூல், வார்டில் மூத்தவர்களின் கவனம், முதுநிலைத் தேர்வுக்கான பயிற்சிச் செலவு ஆகியவற்றை ஒதுக்கீடு தொடுவதில்லை. யார் இதயநோய் நிபுணர், யார் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் என்பது பெரிதும் அங்கேதான் தீர்மானமாகிறது. அரசுப் பணியிலுள்ள மருத்துவர்களுக்கு முதுநிலையில் இடம் ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் கூறியது, இந்த இரண்டாம் கட்டத்தைத் தொடும் அரிய தலையீடு.

குறைகள்

இரண்டு மருத்துவமனைகளும் ஒரே துறையும் கொண்டு முழுத் தொழிலையும் அளக்க இயலாது. அறுவை சிகிச்சைத் துறைகளின் படிநிலை வேறாக இருக்கலாம். படித்த கல்லூரியை முதன்மைப்படுத்துவதால், நிறமும் பிறந்த நாடும் எவ்வளவு பங்கு வகிக்கின்றன என்பது மங்குகிறது. இந்தியாவில் இக்குறை பெரிதாகும். தில்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் வகுப்பிலும் விடுதியிலும் ஒதுக்கப்படுவதைச் சுகதேவ் தோரட் குழு 2007இல் பதிவு செய்தது. அவர்கள் அனைவரும் நாட்டின் மிக உயர்ந்த கல்லூரியில் படித்தவர்கள்தாம். கல்லூரிப் பெயர் அங்கே சாதியை மறைக்கவில்லை.

மதிப்பீடு

ஜென்கின்ஸின் முடிவுகளை அப்படியே இங்குப் பொருத்த முடியாது. அவருடைய கேள்வியைப் பொருத்தலாம். 7.5% ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்கள் பட்டத்துக்குப் பின் எந்தத் துறைக்கு, எந்த மருத்துவமனைக்குச் செல்கிறார்கள் என்று அவர்களுடன் பல ஆண்டுகள் இருந்து எழுதும் ஆய்வு தமிழில் வரவேண்டும். அத்தகைய ஆய்வைத் தொடங்கும் மாணவர், களத்தில் என்ன கேட்க வேண்டும் என்பதை இந்நூலிலிருந்து கற்கலாம். சாதியைப் பற்றிய கேள்விகளை மட்டும் தாமே சேர்த்துக்கொள்ள வேண்டும்.